மேசையின் கீழ் மட்டும் நில்லாத நடுக்கம்

2013ஆம் ஆண்டு மார்ச் மாதம் பத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பதினேழு நிமிடத்தில், வானத்தில் ஒரு முகிலும் இல்லாதிருக்க, மலைகளைத் தாண்டி வடமேற்கிலிருந்து வந்த வெப்பக்காற்று கொடிகளில் உலர்ந்த போர்வைகளை ஒவ்வொன்றாக அடுத்த வீட்டாருக்கு வழங்கிக்கொண்டிருக்க, நியூசிலாந்தின் தென்தீவில் உள்ள மார்ஸ்டன் குடா என்னும் சிறுநகரம் நாற்பத்து மூன்று வினாடிகள் குலுங்கியது. குலுங்கி முடிந்ததும், செல்வம் மிகுந்த நாடுகளின் முறைமைப்படி, ஒழுங்காக நின்றது. தேவாலயத்தின் கோபுரம் மட்டும் சரிந்து, வாகனம் நிறுத்தக்கூடாது என்று எழுதப்பட்டிருந்த இடத்தில் விழுந்தது. அந்நகரத்தார் எழுதியதை மதிப்பவர்களாதலால் அங்கே எவரும் வாகனம் நிறுத்தியிருக்கவில்லை. எனவே எவருக்கும் காயமில்லை. நகரமண்டபத்தின் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்தது. கழிவுநீர்க் குழாய்கள் சில உடைந்தன. மற்றபடி எல்லாம் முடிந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் நடுக்கம் நிற்கவில்லை; அது வில்லோ வீதியின் பதினான்காம் இலக்க வீட்டில், இரத்தினசபாபதி என்பவருடைய உணவு மேசையின் கீழ்.

இரத்தினசபாபதி வாகனம் ஓட்டப் பழகுவோருக்குப் பரீட்சை வைக்கும் பரீட்சகர், யாழ்ப்பாணத்தவர், வயது ஐம்பத்தெட்டு. 'நில்' என்று எழுதிய பலகையின் முன்னால் சக்கரம் முற்றாக நிற்காமல் ஒரு விரற்கடை உருண்டாலும் தாளில் சிவப்புக் கோடு இழுப்பார். நிற்பதுபோல் நிற்பது நிற்பதாகாது என்பது அவருடைய கொள்கை. அக்கொள்கையின்படி, தம் மகள் ஆரணியை மணக்கவிருந்த பிரணவனையே இருமுறை தோற்கடித்திருந்தார். அன்று அவர் விடுப்பு எடுத்து, மே மாதம் பத்தொன்பதாம் நாள் நடக்கவிருந்த அத்திருமணத்தின் அழைப்பிதழ்களில் முகவரி எழுதிக்கொண்டிருந்தார். நிலம் ஆடத் தொடங்கியதும், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த நகரசபையின் துண்டுப்பிரசுரம் கூறிய மூன்று செயல்களையும் வரிசை பிறழாமல் செய்தார்: தாழ்ந்தார், மேசையின் கீழ்ப் புகுந்து இடக்கையால் தலையை மூடினார், வலக்கையால் மேசைக்காலைப் பற்றினார். நடுக்கம் முற்றாக நிற்கும்வரை அவ்வாறே இருக்கவேண்டும் என்று நான்காவது வரி கூறியது. அவர் இருந்தார்.

அவருடைய மனைவி தவமணி அவ்வேளை குசினியில் அடுப்பருகே நின்றார். அவரைச் சுற்றி அலுமாரியிலிருந்த பீங்கான்கள் எல்லாம் விழுந்து உடைந்தன. அவர் எதனையும் பற்றிக்கொள்ளவில்லை; பற்றிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. எல்லாம் ஓய்ந்தபின் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டியவாறே அவர் முன்னறைக்கு வந்தார்.

"இஞ்சாருங்கோ, முடிஞ்சுது. எழும்பி வாங்கோ."

"இன்னும் நிக்கேல்லை."

"எங்கை நிக்கேல்லை? நான் நிக்கிறன், ஒண்டும் ஆடேல்லையே."

"நீர் வெளியாலை நிக்கிறீர், தவம். உமக்குத் தெரியாது. கையை உள்ளுக்கை நீட்டிப் பாரும்."

தவமணி குனிந்து கையை நீட்டினார். மேசையின் விளிம்பைத் தாண்டியதும் கை உதறியது. வளையல்கள் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. கையை வெளியே எடுத்தார், ஓய்ந்தது. மீண்டும் நீட்டினார்; மீண்டும் உதறியது. அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

"அப்ப தேத்தண்ணியை உள்ளுக்கே தரட்டோ?"

"முக்கால் கோப்பை போதும். ததும்பும்."

பின்னேரம் ஐந்து மணிக்கு அடுத்த வீட்டு ஷெர்லி பிளெட்சர் அம்மையார் வந்தார். அவர் வில்லோ வீதியின் அவசரகால இணைப்பாளர். அதற்கென மஞ்சள் மேலங்கி ஒன்றும் ஏழு பக்கப் படிவம் ஒன்றும் அவரிடம் இருந்தன. ஆண்டுதோறும் ஒத்திகை நடத்தி வீதியாரை மேசைகளின் கீழே புகவைத்தவர் அவரே. ஆயினும் உண்மையான நடுக்கம் வந்தபோது, ஓடக்கூடாது என்னும் விதியையும் வெளியே போகக்கூடாது என்னும் விதியையும் ஒரே மூச்சில் மீறி, பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீதியின் நடுவில் போய் நின்றிருந்தார். அதனை நாலு வீட்டார் பார்த்தும் இருந்தனர். அத்தகையவர் முழந்தாளிட்டு மேசையின் கீழே பார்த்தபோது, இடக்கை தலைமேலும் வலக்கை மேசைக்காலிலுமாக, படத்தில் உள்ளதுபோலவே குலுங்கிக்கொண்டிருந்த இரத்தினசபாபதியைக் கண்டார். அம்மையாரின் கண்கள் கலங்கின.

"திருமதி இரத்தினசபாபதி, இந்த வீதியில் சரியாக நடந்துகொண்டவர் உங்கள் கணவர் ஒருவர்தான். இவரை யாரும் வெளியே இழுக்கக்கூடாது."

"எத்தனை நாளைக்கு?" என்றார் தவமணி.

ஷெர்லி படிவத்தைப் புரட்டினார். "நிற்கும்வரை என்றுதான் இருக்கிறது. நீங்கள் தேநீர் போட்டுக்கொண்டிருந்தீர்களா? எனக்குச் சர்க்கரை வேண்டாம்."

நகரம் அந்த அதிசயத்தைத் தன் வழக்கமான முறையில் ஏற்றுக்கொண்டது. அதாவது, அதற்கு ஓர் இலக்கம் வழங்கியது. மறுநாள் கட்டடப் பொறியியலாளர் இருவர் தலைக்கவசத்துடன் வந்து, காலணிகளைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, சுவர்களைத் தட்டிப் பார்த்து, வீடு பாதுகாப்பானது என்று கதவில் பச்சைத் தாளை ஒட்டினர். மேசையின் கீழே ஒருவர் தம் கையை நீட்டிப் பார்த்து, உள்ளே எவரும் நுழையக்கூடாது என்று மேசைமேல் சிவப்புத் தாளை ஒட்டினார். உள்ளே இருப்பவர் வெளியே வரலாமா என்பதுபற்றிச் சிவப்புத் தாள் ஒன்றும் கூறவில்லை. நுழைந்தபின்தான் வெளியேற இயலும் என்றும், நுழைதல் தடைசெய்யப்பட்டிருப்பதால் வெளியேறும் கேள்வி எழாது என்றும் மூத்த பொறியியலாளர் விளக்கினார். மூன்றாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து நிலநடுக்க ஆய்வாளர் மூவர் வந்து சோற்றுப்பானை அளவுள்ள கருவியொன்றை இரத்தினசபாபதியின் முழந்தாளருகே வைத்தனர். ஐந்தரை என்று அது காட்டியது. பிற்பகலில் ஐந்து தசம் ஆறு. நான்காம் நாள் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் இருவர் இருவராகக் கைகோத்து வந்து, சரியான இருப்புநிலை எப்படி இருக்கும் என்று பார்த்துப் படம் வரைந்தனர். சபாபதி அப்பிள்ளைகளிடம், முழங்கை மேசைக்காலிலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்பதைத் தெளிவாக எடுத்துரைத்தார்.

இயற்கைக் கடன்களைப் பொறுத்தவரை, குழாய் உடைந்த வீடுகளுக்கென நகரசபை வழங்கிய மூடியுள்ள பச்சை வாளியொன்று உதவியது. இடைவிடாது குலுங்கும் இடத்தில் அவ்வாளியைப் பயன்படுத்தும் முறைபற்றிக் கையேட்டில் ஒரு வரியும் இல்லாமையால், சபாபதி தாமே ஒரு முறையை வகுத்துக்கொண்டார். அம்முறையின் குறைபாடுகளை, வாளியைக் கழுவிய தவமணி ஒருவரே அறிவார்.

அந்நாட்டில் துன்பம் நேர்ந்த வீட்டுக்குப் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உணவைத் தட்டத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். முதல் வாரத்தில் பதினேழு தட்டங்கள் வந்தன. தட்டங்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதும் வழக்கமாதலால் தவமணி பதினேழையும் கழுவி, வெறுந்தட்டம் கொடுப்பது தம் ஊர் வழக்கம் இல்லையாதலால் ஒவ்வொன்றிலும் பயத்தம்பணியாரம் வைத்து அனுப்பினார். பணியாரம் உண்டவர்கள் மகிழ்ந்து மேலும் தட்டங்களைக் கொண்டுவந்தனர். இரண்டாம் வாரத்தில், சபாபதியின் காலடியில் வைத்த பாற்புட்டியில் வெண்ணெய் திரண்டிருப்பதைக் கண்டவர் ஷெர்லி. அதன்பின் வீதியார் ஆடைப்பாலைப் போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து மேசையின் கீழே உருட்டிவிட்டு, அது திரளும்வரை நாற்காலிகளில் அமர்ந்து உரையாடினர். திரள இருபது நிமிடம் ஆகும். இருபது நிமிடம் ஒருவரைத் தேநீர் கொடுக்காமல் இருத்திவைப்பது யாழ்ப்பாணத்தில் எங்கும் நடவாத செயல். மூன்றாம் வாரத்தில் உறங்காத குழந்தைகளைத் தாய்மார் கொண்டுவந்தனர். குழந்தைகளைச் சிவப்புத் தாள் தடுக்கிறதே என்று ஒருவர் ஐயம் எழுப்ப, குழந்தைகள் நுழைவதில்லை, வைக்கப்படுகின்றன என்று ஷெர்லி தீர்ப்பளித்தார்.

போக்குவரத்துத் திணைக்களமும் பின்னிற்கவில்லை. சபாபதி தொலைபேசியை மேசைக்காலில் கட்டித் தொங்கவிட்டு, பரீட்சைக்கு வந்தவர் ஓட்டும் வாகனத்தின் ஒலியைக் கேட்டே மதிப்பெண் இட்டார். "ரொப்சன் அவர்களே, நீங்கள் நிற்கவில்லை. நின்றதாக உங்களுக்குத் தோன்றியது, அவ்வளவுதான்" என்று அவர் நடுங்கும் குரலில் கூறுவதைக் கேட்ட பலர், அதனைத் தெய்வத்தின் குரல்போல் உணர்ந்ததாகப் பின்னர்ச் சொல்லிக்கொண்டனர்.

நான்காம் வாரத்தில் மனநல ஆலோசகர் வந்தார். மெல்லிய குரலும் பெரிய பையும் உடைய அவர், மேசையின் ஓரத்தில் நிலத்தில் சம்மணமிட்டு அமர்ந்தார்.

"இப்பொழுது உங்களுக்கு எப்படி இருக்கிறது?"

"குலுங்குகிறது."

"அந்தக் குலுக்கத்தை உங்களுக்குள் எவ்விடத்தில் உணர்கிறீர்கள்?"

"எல்லா இடத்திலும். கோப்பையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். உங்கள் காற்சட்டையில் ஊற்றிவிடும்."

பிறர்மீது அக்கறை உள்ளவர் என்று ஆலோசகர் குறித்துக்கொண்டார். இரண்டு கோப்பைத் தேநீரும் மூன்று பணியாரமும் முடித்து, வாசலில் காலணி அணிகையில் தவமணியிடம், "உங்கள் கணவர் மிகுந்த மனவுறுதி படைத்தவர்" என்று கூறிப் போனார். தவமணி அவருடைய கோப்பையைக் கழுவினார்.

சபாபதி ஆலோசகரிடம் கூறாத செய்தி ஒன்று இருந்தது. எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில், உரும்பிராயில், பனங்குற்றிகளால் மூடிய பதுங்குகுழியொன்றில் அவரும் தவமணியும், இரண்டு வயது ஆரணியும், அவருடைய தம்பி கருணாகரனும் மூன்று நாள்கள் இருந்தனர். எப்பொழுது வெளியே வரலாம் என்று அவர்களுக்கு எவரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. மூன்றாம் நாள் நண்பகல், சோறு வேகும் நேரமளவுக்கு ஷெல் ஒலி ஓய்ந்தது. "முடிஞ்சுது அண்ணை, மாட்டை அவிட்டுவிட்டிட்டு வாறன்" என்று கருணாகரன் மேலே ஏறினான். முடிந்திருக்கவில்லை. அன்றுமுதல், முடிந்துவிட்டது என்று எவர் கூறினாலும் சபாபதி அதனைச் சான்றாகக் கொள்வதில்லை. பின்னாளில் இந்நாட்டுக்கு வந்து, எதுவரை உள்ளே இருக்கவேண்டும் என்பதைப் படத்துடன் அச்சிட்டு வீடுதோறும் இலவசமாகக் கொடுக்கும் அரசு ஒன்று உலகத்தில் உண்டு என்று கண்டபோது, அத்துண்டுப்பிரசுரத்தை ஒரு கிழமை சட்டைப்பையில் வைத்துத் திரிந்தார். அதன் பின்னரே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார்.

இவ்வாறாக ஏப்பிரல் கழிந்து மே பிறந்தது, திருமணம் நெருங்கியது. வெடித்த நகரமண்டபத்தைச் சிவப்புத் தாள் ஒட்டி மூடிவிட்டனர். சுற்றியுள்ள ஊர்களின் மண்டபங்களும் ஒன்று சிவப்புத் தாள் பெற்றிருந்தன, அல்லது சிவப்புத் தாள் பெற்ற மண்டபங்களில் மணம் செய்யவிருந்தவர்களால் பிடிக்கப்பட்டிருந்தன. பிரணவனின் தாயார் மங்கையர்க்கரசி ஒக்லண்டிலிருந்து விமானத்தில் வந்து, சபாபதி வீட்டு நாற்காலியில் அமர்ந்து, மேசையை நோக்கிப் பேசினார்.

"சம்பந்தி, ஒரு நாளைக்கு மட்டும் வெளியாலை வந்திட்டு, பிறகு போய் உள்ளுக்கை இருக்கேலாதோ?"

"ஒரு நாளைக்கு மட்டும் இது நிண்டிட்டுப் பிறகு ஆடுமெண்டால் வரலாம்."

"அப்ப தாய்மாமன் தாரை வாக்கட்டும். கனடாவிலையிருந்து வாறார்தானே."

சபாபதி சிறிது நேரம் குலுங்கினார். "அது நல்ல யோசனை" என்றார்.

கதவருகே நின்ற ஆரணி உள்ளே வந்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண், பல் மருத்துவர், வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள், தான் திறப்பது குறைவு.

"அப்பா கையாலை பிடிச்சுக் குடுக்காட்டி நான் கட்டேல்லை, மாமி. பகிடிக்குச் சொல்லேல்லை."

"பிள்ளை, மேசைக்குக் கீழை தாலி கட்டினதெண்டு எங்கடை பரம்பரையிலை ஒருத்தரும் இல்லை."

"எங்கடை பரம்பரையிலையும் இல்லை" என்றார் தட்டத்துடன் வந்த தவமணி. "உங்களுக்குச் சீனி காணுமோ?"

பிரணவன் தொண்டையைச் செருமினான். அவன் தன் மாமனாரிடம் நேராகப் பேசுவது பரீட்சையில் மட்டுமே. அதிலும் இருமுறை தோற்றவன். "மாமா, நான் உள்ளுக்கை வந்து கட்டுறன். எனக்கு அது பிரச்சினையில்லை."

"உள்ளுக்கை வரேக்கை ரெண்டு பக்கமும் பாத்து வாரும்" என்றார் சபாபதி.

ஆகவே மணவறையை மேசையிலேயே அமைப்பது என்று முடிவாயிற்று. பச்சைத் தாள் பெற்று, பிறரால் பிடிக்கப்படாமலும் இருந்த இடம் அவ்வீடு ஒன்றே. அதிலும் தகப்பன் இருக்குமிடம் அது. ஆனால் ஒக்லண்டிலிருந்து வந்த சோமநாதக் குருக்கள், முழந்தாள்களில் பஞ்சணை கட்டி மேசையின் கீழே எட்டிப் பார்த்ததும், உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு கையாலை குடுக்கிறது தானமில்லை. ரெண்டு கையும் வேணும்."

"ஒரு கை தலைக்கு, ஐயா. ஒரு கை மேசைக்காலுக்கு. மூண்டாவது கை எனக்கில்லை."

"தலைக்கு நான் தலைப்பாகை கட்டிவிடுறன். அது சாஸ்திரத்துக்கும் சரி."

தலைப்பாகை துணி, துணி பாதுகாப்பன்று என்றார் ஷெர்லி. இருதரப்பும் அரைநாள் விவாதித்து, தலைக்கவசம் அணிவித்து அதன்மேல் தலைப்பாகை கட்டலாம் என்று உடன்பட்டன. மேசைக்காலைப் பற்றிய கைக்கு மட்டும் உடன்பாடு காண இயலவில்லை. ஷெர்லி தலைநகரத்துக்கு எழுதினார். விதிக்கு விலக்கு இல்லை என்றும், மணமக்களுக்கு வாழ்த்து என்றும் பதில் வந்தது. சபாபதி அக்கடிதத்தை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அறுபது நாள்களாக மேசைக்காலைப் பற்றியிருந்த அவருடைய விரல்கள் அம்மரத்தில் ஐந்து குழிகளை ஏற்படுத்தியிருந்தன. கையை விடுவேன் என்று அவர் சொல்லவில்லை. அப்பா பிடித்துக் கொடுக்காவிட்டால் கட்டமாட்டேன் என்று சொன்னதை ஆரணியும் மாற்றவில்லை. திருமண நாள் விடிந்தது.

மே பத்தொன்பதாம் நாள் இலேசான தூறல். மேசையின் நான்கு கால்களிலும் வாழை கட்டியிருந்தனர். அவ்வூரில் வாழை இல்லையாதலால் அது பிளாஸ்டிக் வாழை. அது மேசையோடு சேர்ந்து சலசலவென ஆடியதால், அறைக்குள் மட்டும் பெருங்காற்று வீசுவதுபோல் இருந்தது. ஓமகுண்டத்தைக் குலுங்காத பக்கத்தில் வைத்து, அருகே தீயணைப்புக் கருவியுடன் ஷெர்லி மஞ்சள் மேலங்கியின்மேல் பூமாலை அணிந்து நின்றார். நூற்றிருபது விருந்தினர் முற்றத்தில் அடித்த கூடாரத்திலும் தாழ்வாரத்திலும் குசினியிலும் நெருங்கி நின்றனர். கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆரணி தவழ்ந்து நுழைந்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இருபுறமும் பார்த்து, பிரணவன் நுழைந்தான். செம்பில் நீருடன் தவமணி நுழைந்தார். நால்வரும் குலுங்கினர். வெளியே படுத்தவாறு தலையை மட்டும் உள்ளே நீட்டிய குருக்கள் சொன்ன மந்திரங்கள் எல்லாம் கமகத்தோடு வெளிவந்தன.

"இப்ப மகளின்ரை கையைப் பிடிச்சு மாப்பிளையின்ரை கையிலை வையுங்கோ. ரெண்டு கையாலையும்."

சபாபதி இடக்கையால் ஆரணியின் கையைப் பிடித்தார். வலக்கை மேசைக்காலிலேயே இருந்தது. அவர் அதனைப் பார்த்தார். மற்றவர்களும் அதனையே பார்த்தனர். ஆரணி கையை இழுக்கவில்லை.

"வருகுதில்லை, பிள்ளை" என்றார் அவர். "நான் விடச் சொல்லுறன், அது விடுகுதில்லை."

குசினிப் பக்கத்திலிருந்து எவரோ, "தாய்மாமன் எங்கை?" என்று கேட்டார். ஆரணி மெதுவாக முழந்தாளை ஊன்றி எழ முனைந்தாள்.

"இரடி" என்றார் தவமணி. பிறகு கணவரைப் பார்த்தார். "இஞ்சாருங்கோ. உரும்பிராயிலை மூண்டு நாளும் நீங்கள் எதைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

சபாபதி மனைவியின் பக்கம் திரும்பினார்.

"என்ரை கையை. அங்கை மேசையும் இல்லை, காலும் இல்லை. அந்தக் கை இப்ப செம்பு பிடிச்சிருக்கு. தண்ணி முழுக்க என்ரை சேலையிலை ஊத்துப்படுகுது, வெளியிலை சோறு ஆறுது. கெதியா முடியுங்கோ."

சபாபதி வலக்கையின் சுண்டுவிரலை எடுத்தார். பின்பு மற்றவற்றை. இரண்டு கைகளாலும் மகளின் கையைப் பிடித்து, பிரணவனின் கைகளில் வைத்தார். தவமணி நீரை வார்த்தார். அது மூவர் கைமேலும் குருக்களின் முகத்திலும் ஷெர்லியின் காலணியிலும் பட்டது. எதுவும் இடிந்து விழவில்லை. நடுக்கமும் நிற்கவில்லை. பிரணவன் தாலிக்கொடியின் மூன்று முடிச்சையும் ஒன்பதாவது முயற்சியில் போட்டு முடித்தான். வெளியே கெட்டிமேளம் கொட்டியது, ஒலிப்பெட்டியில்தான். மணமக்கள் தவழ்ந்து வெளியேறித் தீயை வலம் வந்தனர்.

மேசையின் கீழே இருவர் எஞ்சினர். சபாபதியின் கை மீண்டும் மேசைக்காலைத் தேடிப் போயிற்று. தவமணி செம்பை வெளியே வைத்துவிட்டு, சேலையை ஒதுக்கி, மெல்ல மல்லாந்து படுத்தார்.

"நீர் வெளியாலை போகேல்லையோ?"

"இல்லை."

"ஆக்கள் வந்திருக்கினம், தவம்."

"ஓம். அறுபத்தொரு நாளா வருகினம்."

சபாபதி மேசைக்காலைப் பற்றிக்கொண்டார். "இன்னும் நிக்கேல்லை" என்றார்.

"தெரியும். எனக்கும் நடுங்கினதுதான். அண்டைக்குக் குசினியிலை மேசை இல்லை, அதாலை கூட்டினனான். நீங்கள் கொஞ்சம் தள்ளுங்கோ. இல்லை, போங்கோ. ரெண்டு பேருக்கு இடம் காணாது, எனக்குக் காலை நீட்டவேணும்."

ஷெர்லி முழந்தாளிட்டு, "திருமதி இரத்தினசபாபதி, தலை, தலையை மூடவேண்டும், ஒரு கை மேசைக்காலில்" என்று நினைவூட்டினார். தவமணி சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடினார். இரண்டு நிமிடத்தில் குறட்டை ஒலி கேட்டது. அதுவும் குலுங்கியே வந்தது.

சபாபதி சற்று நேரம் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே நூற்றிருபது பேர் தேநீருக்குக் காத்திருந்தனர். அவர் தலைக்கவசத்தோடும் தலைப்பாகையோடும் தவழ்ந்து மேசையின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து, நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்று, சீனி எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவ்வீட்டில் அதனை அறிந்தவர் எவரும் விழித்திருக்கவில்லை.

தவமணி ஒன்பது நாள்கள் மேசையின் கீழே இருந்தார். அவற்றில் முதல் நான்கையும் உறங்கியே கழித்தார். ஷெர்லி படிவத்தில் சபாபதியின் பெயரை வெட்டித் தவமணியின் பெயரை எழுதினார். மனநல ஆலோசகர் இருமுறை வந்து, இருமுறையும் பிறகு வரும்படி அனுப்பப்பட்டார். வெண்ணெய்க்கு வந்தவர்களுக்குச் சபாபதி தேநீர் போட்டார். மூன்றாம் நாளிலிருந்து வருவோர் தொகை பாதியாயிற்று. மே இருபத்தெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு நடுக்கம் நின்றது. ஓடும் தொடர்வண்டி நிலையத்தில் நின்றதும் விழித்துக்கொள்ளும் பயணியைப்போல் தவமணி விழித்து, வெளியே வந்து குளித்தார். ஆய்வாளர்கள் கருவியை எடுத்துச் சென்றனர். பொறியியலாளர்கள் சிவப்புத் தாளைக் கிழித்தனர். நகரமண்டபம் இடிக்கப்பட்டது. ஆரணியும் பிரணவனும் ஒக்லண்டில் இருக்கின்றனர். பிரணவன் வேறொரு பரீட்சகரிடம் தேறினான். துண்டுப்பிரசுரம் மறுபதிப்புக் கண்டது. அதில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. இரத்தினசபாபதி கிழமைக்கு மூன்று நாள் சமைக்கிறார். உப்பு இன்னும் அளவாக அமையவில்லை.